மயங்கி விழ முன் அனுமதி

சரோஜம் மயங்கி விழுந்ததில் அலுவலகத்துக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. முன் அனுமதி வாங்காமல் விழுந்தாள் என்பதுதான் ஆட்சேபம். மெமோவில் அப்படித்தான் இருந்தது.

"பதினான்காம் தேதி காலை பதினொன்று இருபதுக்கு, சூப்பிரண்டு அறை வாசலில் நின்றிருக்க வேண்டிய தாங்கள் அதே இடத்தில் நான்கு நிமிடம் படுத்திருந்ததாகத் தெரிய வருகிறது. இதற்கு யாரிடம் அனுமதி பெற்றீர்கள் என்பதை மூன்று நாளைக்குள் விளக்கவும்."

சரோஜத்துக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். அலுவலகத்து மலையாளம்தான் தெரியாது. அதனால் கிளார்க் லேகா அதைப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"என்ன எழுதணும் பிள்ளே?"

"உள்ளதை எழுதுங்கக்கா. எனக்குத் தெரியாம விழுந்தேன்னு."

அப்படியே எழுதிக் கொடுத்தாள். சூப்பிரண்டு கிருஷ்ணன்குட்டி அதைக் கண்ணாடி போட்டு ஒரு தடவையும் கழற்றி ஒரு தடவையும் படித்தார்.

"ஆபீஸ்ல ஒரு காரியம் நடந்திருக்கு. அது உனக்குத் தெரியாது. ஆனா செய்தது நீ. இப்போ இது ரெண்டு குற்றமாக்கும், கேட்டியா?"

கேரள எல்லையில் உள்ள பாறசாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்தப் பதிவேட்டு மேற்பார்வை அலுவலகம். மற்ற அலுவலகங்கள் பதிவேடுகளை ஒழுங்காக எழுதுகின்றனவா என்று பார்ப்பதும், பார்த்ததாக ஒரு பதிவேட்டில் எழுதுவதும் அதன் வேலை. சரோஜம் அங்கே பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். சூப்பிரண்டு அறைக் கதவைத் திறந்துவிட வேண்டும், மூட வேண்டும், மணி அடித்தால் உள்ளே போக வேண்டும். மீதி நேரம் கதவருகே நிற்க வேண்டும். அவள் பதவியின் பெயரே நிற்கும் பணியாளர். நாற்காலி கொடுத்தால் அவள் அமரும் பணியாளர் ஆகிவிடுவாள். அதற்குப் பரீட்சை உண்டு.

ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதியும் அவள் வேலை முடிந்து, மறுநாள் மறுபடி தொடங்கும். ஒரே வருடத்தில் மூன்று மெமோ வாங்கினால் மறுநாள் தொடங்காது. இப்போது ஜனவரி. ஒன்று வந்துவிட்டது.

அந்த வாரமே கணவன் ரெத்தினதாஸ் அவளைக் காரக்கோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஜிஷா சின்ன வயசுக்காரி. சரோஜத்தைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். பிறகு நிற்க வைத்துப் பார்த்தாள். மூன்றாவது நிமிடம் சரோஜத்தின் கண்முன்னே சுவர் மங்கியது. டாக்டரே பிடித்து உட்கார வைத்தாள்.

"அக்கா, நாம எழும்பும்போ அரை லிட்டர் ரத்தம் காலுக்கும் வயித்துக்கும் இறங்கிப் போவும். எல்லாருக்கும் அப்படித்தான். கழுத்தில உள்ள நரம்பு அதைக் கண்டுபிடிச்சு மூளைக்குச் சொல்லும். உடனே இதயம் வேகமா அடிக்கும், ரத்தக் குழாய் இறுகும், ரத்தம் தலைக்கு ஏறும். ரெண்டு மூணு செகண்டுல எல்லாம் முடிஞ்சிரும். நமக்குத் தெரியவே தெரியாது."

"நம்மகிட்ட ஒண்ணும் கேக்காதா?"

"கேட்டுட்டு நின்னா நாம செத்துப் போவோம். மூச்சு, வேர்வை, சோறு செமிக்கியது, இருட்டில கண்ணுக்குள்ள உள்ள பாப்பா விரியது, இதெல்லாம் பாக்கியதுக்குன்னு தனியா நரம்பு உண்டு. தன்னியக்க நரம்புன்னு பேரு. அதில ஒரு கூட்டம் முடுக்கி விடும், இன்னொரு கூட்டம் அடக்கி வைக்கும். நாம உறங்கினாலும் அதுக உறங்காது. உங்களுக்குப் பத்து வருஷமா சர்க்கரை உண்டு இல்லியா? அது அந்த நரம்பைக் கெடுத்துட்டு. நீங்க எழும்பின சேதி உள்ளே போய்ச் சேர நேரம் ஆவுது."

"எனக்க ஆபீஸ் போலயாக்கும்" என்றாள் சரோஜம்.

ரெத்தினதாஸ் சிரித்தார். "அப்போ இவளுக்க உள்ளேயும் ஒரு கிருஷ்ணன்குட்டி இருக்கியாரு டாக்டரே."

டாக்டர் சிரிக்கவில்லை. அவளுக்குக் கிருஷ்ணன்குட்டியைத் தெரியாது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள், காலில் இறுக்கமான உறை போடச் சொன்னாள். ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள். தன்னியக்க நரம்புக் கோளாறு உள்ளதால் இவர் நின்று வேலை செய்யக் கூடாது, உட்கார இருக்கை வழங்கவும். நாலே வரிதான்.

அந்த நாலு வரியைப் படித்துவிட்டு சூப்பிரண்டு எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். ஆறு பேரும் வந்து நின்றார்கள்.

"தன்னியக்கம். அப்படின்னா தானா நடக்கியதாம்" என்றார். "எனக்கு முப்பத்தோரு வருஷ சர்வீஸ். இந்த ஆபீஸ்ல ஒரு காரியம் தானா நடந்தது உண்டா? யாராவது சொல்லுங்க பாப்போம்."

சூப்பிரண்டே பதிலும் சொன்னார்.

"நடக்க விட்டதில்ல. அதாக்கும் நிர்வாகம். இந்த இதயத்தைப் பாருங்க. ஒரு நாளைக்கு லட்சம் தடவை அடிக்குதாம். ஒரு தடவையாவது எங்கயாவது பதிவாகி உண்டா? ஞாயிற்றுக்கிழமை அடிக்கியதுக்கு யாரு சாங்ஷன் குடுத்தது? லேகா, ஓணத்துக்கு பத்து நாள் லீவுல உனக்க இதயம் அடிச்சுதா?"

"அடிச்சுது சார்."

"என்ன உத்தரவின் பேரில?"



சூப்பிரண்டு பேச்சை நிறுத்திவிட்டுத் தன் சட்டைப் பைக்கு மேலே கை வைத்துப் பார்த்தார். உள்ளே ஏதோ நடந்துகொண்டிருந்தது. ஒரு கையெழுத்துக்கும் காத்திராமல் நடந்துகொண்டிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. எல்லோரையும் போகச் சொன்னார்.

மறுநாள் காலையில் அவர் தம் மூச்சைத் தாமே எடுத்து நடத்துவது என்று முடிவு செய்தார். இழுக்க வேண்டும் என்று நினைத்து இழுத்தார். விட வேண்டும் என்று நினைத்து விட்டார். கதவருகே நின்ற சரோஜத்துக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. பத்தே முக்கால் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்போது திருவனந்தபுரத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்து வைத்த பிறகுதான், பதினோரு நிமிடம் மூச்சு தன் மேற்பார்வை இல்லாமலே நடந்திருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. அன்று சாயங்காலம் ஒரு புதிய படிவம் வந்தது.

மயக்க முன்னறிவிப்புப் படிவம். மயங்க விரும்பும் தேதி, நேரம், கால அளவு, விழும் திசை, தாங்கிப் பிடிப்பவர் பெயரும் பதவியும். மூன்று வேலை நாள் முன்பே கொடுக்க வேண்டும்.

"நான் விரும்பி மயங்கல சார்" என்றாள் சரோஜம்.

"விருப்பமில்லாத்தவங்களுக்கும் இதே படிவம்தான். வேற அச்சடிக்கல."

லேகாவே நிரப்பினாள். செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது, நான்கு நிமிடம், வடக்கு. தாங்கிப் பிடிப்பவர் லேகா, கிளார்க். திங்கட்கிழமை அனுமதி வந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கே எல்லோரும் கதவருகே கூடிவிட்டார்கள். லேகா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வடக்குப் பக்கம் நின்றாள். சூப்பிரண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜம் நின்றாள். டாக்டர் சொன்னபடி காலையில் நாலு தம்ளர் தண்ணீர் குடித்திருந்தாள், கால் உறையும் போட்டிருந்தாள். பதினொன்று இருபது ஆனது. ஒன்றும் நடக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் கூடப் பாக்கலாம்" என்றார் சூப்பிரண்டு பெருந்தன்மையோடு.

பதினொன்று நாற்பதுக்கு லேகாவின் கை வலிக்க ஆரம்பித்தது. எல்லோரும் கலைந்து போனார்கள்.

இரண்டாவது மெமோ அன்றைக்கே வந்தது. முறைப்படி அனுமதிக்கப்பட்ட மயக்கத்தைப் பயன்படுத்தாமல், ஆறு ஊழியர்களின் நேரத்தை வீணாக்கியது ஏன்?

"சும்மாவாவது விழுந்திருக்கலாமே அக்கா" என்றாள் லேகா, படியிறங்கும்போது. "நான் பிடிச்சிருப்பேனே."

"பொய்க்கு எனக்கு விழத் தெரியாது பிள்ளே."

மறுநாள் சாயங்காலம் அவள் உண்மையாகவே விழுந்தாள். அது இஞ்சிவிளையில். வேலை முடிந்து மரச்சீனிக் கிழங்கு வாங்க களியக்காவிளைச் சந்தைக்கு நடந்து போகும்போது, சரியாக இரண்டு மாநில எல்லை போகிற இடத்தில். ஆட்டோக்காரர்கள் தூக்கி ஓரமாகக் கிடத்தினார்கள். அலுவலகத்துக்கு வெளியே விழுந்ததால் இதற்கு மெமோ இல்லை. ஆனால் சூப்பிரண்டு கூப்பிட்டுச் சொன்னார்.

"தனியார் டாக்டருக்க கடிதம் செல்லாது. நெய்யாற்றின்கரையில நிற்றல் தகுதிக் குழு உண்டு. அவங்க நிக்கக் கூடாதுன்னு எழுதித் தந்தா நாற்காலி தாறேன். இல்லேன்னா அடுத்த தடவை விழும்போ மூணாவது மெமோ. எனக்கு உன்மேல விரோதம் ஒண்ணும் கிடையாது சரோஜம். ஒரு தடவை விட்டுக் குடுத்தா, பெறவு எல்லாவனுக்க உடம்பும் இஷ்டத்துக்கு நடக்கத் தொடங்கும்."

நிற்றல் தகுதிக் குழு மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கூடும். நிற்க முடியாதவர்கள் காலை ஏழு மணிக்கே வந்து வரிசையில் நிற்க வேண்டும். சரோஜம் போனபோது வராந்தாவில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். சிலர் சுவரைப் பிடித்திருந்தார்கள். சிலர் முன்னால் நின்றவர்களைப் பிடித்திருந்தார்கள். உட்காருவோருக்கு டோக்கன் இல்லை என்று சுவரில் ஒட்டியிருந்தது.

அவளுக்கு முன்னால் கோட்டுகால் பக்கத்துக் கடற்கரைக்காரர் ஒருவர் நின்றார். பெயர் வாலண்டைன். வள்ளத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர்.

"உக்காராதேயுங்க அக்கா. நான் மூணு மாசம் வந்து, மூணு மாசமும் உக்காந்துட்டேன். மூணு நம்பரும் போச்சு."

"எனக்குக் கண்ணு இருட்டுதே."

"அப்போ எனக்க பொறத்தால குத்த வச்சு இரியுங்க. நான் லுங்கியை விரிச்சுப் பிடிக்கியேன். பியூன் வந்தா இருமுவேன்."

பியூன் நான்கு தடவை வந்தான். வாலண்டைன் நான்கு தடவையும் இருமினார். நான்காவது தடவை பியூன், "இருமலுக்கு வேற குழு உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர் டாக்டர் சதாசிவன். அவருக்கு வலப்பக்கம் நிர்வாக உறுப்பினர் விஜயம்மா, கையில் படிவத்தோடு. இடப்பக்கம் எல்லைக் கிராமங்களின் பிரதிநிதி யோசுவா. மூன்று பேருக்கும் சாய்வு நாற்காலி. நான்காவது நாற்காலி அந்த அறையில் இல்லை.

விஜயம்மா படிவத்தைத் தொடங்கினார். "தங்கள் அனுமதி இல்லாமல் தங்கள் உடல் செய்யும் செயல்கள். இதயத் துடிப்பு, உண்டா இல்லையா?"

"உண்டு."

"எப்போ முதல்?"

சரோஜம் யோசித்தாள். "பிறந்த நாள் முதலே இருக்கும்."

"பிறக்கியதுக்கு முன்னாலேயே தொடங்கும்" என்றார் டாக்டர் சதாசிவன்.

"பிறப்புச் சான்றிதழுக்கு முந்தின காரியம் இங்க எடுக்க முடியாது டாக்டர்" என்றார் விஜயம்மா, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டபடி. "வேர்வை?"

"இப்போ அதிகம் இல்ல. நரம்பு கெட்டதால வேர்க்கியது குறைஞ்சு போச்சு."

"சாட்சி?"

"எனக்க மாப்பிள."

"நெருங்கிய உறவு எடுக்காது. உணவு செமிக்கியது, தங்களுக்க மேற்பார்வையிலா, மேற்பார்வை இல்லாமலா?"

"சோறு தின்னு முடிச்சா நான் பாத்திரம் கழுவப் போயிருவேன். அது பாட்டுக்குச் செமிக்கும்."

விஜயம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அப்படியே கைவிட்டுவிட்டுப் போகிற பெண்ணை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருந்தது. "மேற்பார்வை இல்லாமல்" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அடுத்தது கடைசியாக மயங்கிய இடம். இஞ்சிவிளை என்றதும் யோசுவா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று முழுவதும் அவருக்கு வேலை எதுவும் வந்திருக்கவில்லை.

"இஞ்சிவிளையில எங்க?"

"எல்லையில சார். போர்டு பக்கம்."

"தலை எந்தப் பக்கம் விழுந்தது?"

"தலை இங்கோட்டு. காலு அங்கோட்டு. ஆட்டோக்காரங்க சொன்னது."

"தலை கேரளத்தில. அப்போ நம்ம மயக்கமாக்கும்" என்றார் யோசுவா பெருமையோடு.

டாக்டர் சதாசிவன் தலையை ஆட்டினார். "அப்படி எடுத்த எடுப்பில சொல்ல முடியாது. மயக்கத்துக்குக் காரணம் என்ன? தலையில ரத்தம் இல்ல. ரத்தம் எங்க போச்சு? காலுக்கு. காலு எங்க கிடந்தது?"

"தமிழ்நாட்டில" என்றார் விஜயம்மா.

"நம்ம பக்கம் இருந்தது குறைவு மட்டும்தான். பொருள் முழுக்க அந்தப் பக்கம். காரணம் வேறொரு மாநிலத்தில இருக்கும்போ நாம எப்படிச் சான்று கொடுக்க முடியும்?"

மூன்று பேரும் குழுவின் கையேட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்கள். சரோஜம் அவர்கள் முன்னால் நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் எண்கள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டு வந்தன.

"சார், கொஞ்சம் தரையிலயாவது இருந்துக்கட்டுமா?"

"இருந்துட்டா பெறவு நாங்க எதைப் பரிசோதிக்கிறது?" என்றார் டாக்டர் சதாசிவன் அன்பாக. "பயப்படாண்டாம். எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பத்து நிமிஷம் எங்க முன்னால நிக்கணும். விழுந்தா, விழுந்ததை மூணு பேரும் கண்ணால பாத்து எழுதுவோம். இந்தக் குழு தொடங்கி ஏழு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு ஆளுக்குக்கூடத் தப்பா சான்று குடுத்ததில்ல. ஒரு ஆளுக்குக்கூடச் சான்று குடுத்ததில்ல."

யோசுவா தன் போனில் நேரம் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று நிமிடங்கள் ஆயின. சரோஜம் காலை மாற்றி மாற்றி நின்றாள். நான்காவது நிமிடத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு பியூன் வந்தான். பக்கத்து அறையில் டீ வைத்திருக்கிறது, பழம்பொரி ஆறிவிடும் என்றான்.

"நீங்க அப்படியே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் எழுந்து போனார்கள். யோசுவா போனில் ஓடின நேரத்தை நிறுத்திவிட்டுப் போனார். அவர் நியாயமானவர்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் சரோஜம் விழுந்தாள். பார்க்க யாரும் இல்லை. விழுந்ததும் காலில் நின்ற ரத்தம் தலைக்குத் திரும்பியது. கண் தெளிந்தது. ஆனால் எழுந்திருக்கப் பயமாக இருந்தது. குளிர்ந்த தரை சுகமாகவும் இருந்தது. அவர்கள் பழம்பொரி வாசத்தோடு திரும்பி வந்தபோது அவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

"விழுந்துட்டேன் சார்."

"நாங்க இல்லாத்த நேரத்திலா?" டாக்டர் சதாசிவனுக்கு வருத்தமாகிவிட்டது. ஆனாலும் கடமை தவறாமல் குனிந்து, படுத்திருந்தபடியே ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று முப்பதுக்கு எண்பது.

சான்றிதழ் இப்படி இருந்தது. "பரிசோதனையின்போது விண்ணப்பதாரர் தரையில் படுத்திருந்தார். ரத்த அழுத்தம், நாடி, மூச்சு எல்லாம் சாதாரணம். படுத்த நிலையில் எல்லாப் பணிகளுக்கும் தகுதி உடையவர்."

வெளியே வாலண்டைன் அதை வாங்கிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சீல் நல்லா விழுந்திருக்கு அக்கா" என்றார்.

சூப்பிரண்டு கிருஷ்ணன்குட்டிக்கு அந்தச் சான்றிதழ் மிகவும் பிடித்துப்போனது. குழு எழுதியதை மீற அவருக்கு அதிகாரம் இல்லை, மீறும் எண்ணமும் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஓர் உத்தரவு தயாரித்தார். ஒன்று, நிற்கும் பணியாளருக்கு நாற்காலி வழங்க விதியில் இடம் இல்லை. இரண்டு, பாய் வழங்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. மூன்று, எனவே மேற்படியார் சூப்பிரண்டு அறை வாசலில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை படுத்த நிலையில் பணிபுரிய வேண்டும். நான்கு, மேலதிகாரி வரும்போதும் போகும்போதும் எழுந்து நிற்க வேண்டும். ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அது குழுவின் கையேட்டிலிருந்து வரி மாறாமல் எடுத்தது. அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை சரோஜம் வாசலில் பாயை விரித்துப் படுத்தாள். கதவின் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி, மறு நுனியை அவள் கையில் கொடுத்தார்கள். யாராவது வந்தால் இழுக்க வேண்டும். ஐம்பது வயதுப் பெண், கஞ்சி போட்ட புடவையைக் கணுக்கால் வரை இழுத்து மூடிக்கொண்டு, மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கோப்புகளோடு போகிறவர்கள் அவளைச் சுற்றிப் போனார்கள். மதியத்துக்கு மேல் தாண்டிப் போனார்கள்.

காஞ்சிரங்குளத்திலிருந்து பதிவேடுகளைக் கொண்டுவந்த ஒரு வயதான குமாஸ்தா வாசலில் செருப்பைக் கழற்றினார். கைகூப்பி ஒரு நிமிடம் நின்றார். லேகாவிடம் மெதுவாகக் கேட்டார், "எப்போ?"

"பத்து மணிக்கு."

"எடுக்கியது?"

"அஞ்சு மணிக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது சரோஜம் கயிற்றை இழுத்தாள். கதவு திறந்தது. அவர் பதிவேடுகளைக் கீழே போட்டுவிட்டு, செருப்பு இல்லாமலே இரண்டு மாடியும் இறங்கிவிட்டார்.

அன்று சூப்பிரண்டு ஏழு தடவை வெளியே போனார், ஏழு தடவை திரும்பி வந்தார். பதினான்கு தடவை சரோஜம் எழுந்து நின்றாள். ஆறாவது தடவை சுவரைப் பிடித்தாள், பதினோராவது தடவை லேகாவைப் பிடித்தாள். பதினான்காவது தடவை முழங்கால் மடங்கிப் பாயிலேயே விழுந்தாள். படுப்பதற்கான இடத்தில் விழுந்ததால் அது மயக்கமா, பணியா என்று சூப்பிரண்டால் உடனே முடிவு செய்ய முடியவில்லை. மூன்றாவது மெமோவை லேகாவிடம் டைப் செய்யச் சொன்னார். தேதி மட்டும் போட வேண்டாம் என்றார். நாளைக்குப் பார்த்துப் போடலாமாம்.

வீட்டில் ரெத்தினதாஸ் முதலில் கேலி பண்ணினார். "சம்பளம் வாங்கிட்டுப் படுத்துக் கிடக்கிய வேலை எனக்கும் ஒண்ணு கேளு பிள்ளே." அவள் கிண்ணத்தில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் குரலை மாற்றினார். "நாளைக்குப் போவாண்டாம். நான் கொத்தனுக்குக் கையாளா போயாவது கொண்டு வாறேன்."

"கேட்டியளா, அவியளு எனக்க மேல கூடத் தாண்டிப் போனாவ" என்றாள். "அது பரவாயில்ல. நான் கேட்டது ஒரு நாற்காலி. ஒரு ஸ்டூலு. அதுகூட வேண்டாம், இருக்கியதுக்கு ஒரு இடம். அதைத் தராம, நிக்கவும் சொல்லுதாவ, கிடக்கவும் சொல்லுதாவ."

"அதாக்கும் நானும் சொல்லுகேன், விட்டுரு."

"பன்னிரண்டு வருஷமா நின்ன இடம். விழுந்து கிடக்கும்போ ஒரு பேப்பரைக் கையில தந்து அனுப்பினா போவ மாட்டேன்."

மறுநாள் அரை மணி நேரம் முன்பே போய், உத்தரவை எடுத்து மெதுவாகப் படிக்கச் சொன்னாள். லேகா படித்தாள். நான்கு வரை கேட்டது போலவே இருந்தது.

"அஞ்சாவது?"

"ஐந்து. மேற்படியார் எழும்போது கையேட்டின்படி நிலைமாற்றம் செய்ய வேண்டும். அதாவது முதலில் படுத்த நிலை, அடுத்து அமர்ந்த இடைநிலை, பிறகு நின்ற நிலை. இடைநிலையில் உடல் சமநிலை அடைந்ததைத் தானே உணர்ந்த பிறகே நிற்க வேண்டும்."

"இன்னொரு தடவை வாசி பிள்ளே."

லேகா வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டுச் சரோஜத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் தாளை மடிக்காமல் மேஜைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

பத்து இருபத்தைந்துக்குச் சூப்பிரண்டு படியேறி வந்தார். கையில் குடை, டிபன், ஒரு கட்டு கோப்பு. சரோஜம் எழ ஆரம்பித்தாள். ஒரு கையை ஊன்றினாள், பிறகு மறுகையை. பாயில் எழுந்து உட்கார்ந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்தாள். காலை நீட்டிக்கொண்டாள். மேலதிகாரிக்குக் கதவு திறப்பது எழுந்து நின்ற பிறகுதான்; கயிறு மடியில் கிடந்தது.

சூப்பிரண்டு கதவு முன்னால் நின்றார். கதவைத் திறப்பது அவர் கடமைப் பட்டியலில் இல்லை.

ஒரு நிமிடம் போனது. கீழே பேக்கரியில் ரொட்டி வேகிற வாசம் வந்தது.

"என்ன இது?"

"அஞ்சாவது சார்."

லேகா தாளை நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டு ஒரு தடவையும் கழற்றி ஒரு தடவையும் படித்தார். அவர் கையெழுத்து கீழே தெளிவாக இருந்தது.

"இதில எத்தனை நிமிஷம்னு போடலியே."

"போடல சார்" என்றாள் லேகா. "குழுவுக்க கையேட்டிலயும் இல்ல. கேட்டு எழுதணும்னா திருவனந்தபுரத்துக்குத்தான் எழுதணும்."

"எழுது." அவர் கோப்புக்கட்டை மற்றக் கைக்கு மாற்றினார். திருவனந்தபுரத்துக்கு எழுதியவற்றில் கடைசியாகப் பதில் வந்தது, அவர் மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆன வருடத்தில். "பதில் வரும்வரைக்கும்?"

"பதில் வரும்வரைக்கும் நடப்பு நிலை தொடரும் சார். அதாக்கும் வழக்கம்."

சூப்பிரண்டு கீழே பார்த்தார். சரோஜம் சுவரில் தலையைச் சாய்த்து, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் நின்றிருக்கிறாள். சாய்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. அவள் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது.

"எழும்பு சரோஜம்" என்றார் சூப்பிரண்டு. உத்தரவு போல ஆரம்பித்து, விண்ணப்பம் போல முடிந்தது அது.

"எழும்பிக்கொண்டுதான் இருக்கேன் சார்" என்றாள் சரோஜம், உட்கார்ந்தபடியே.